விருத்தியும் வெடிப்பும்

எழுதியவர் வாசித்துக் காட்டாமல் எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் இதே வழக்கம்தான். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அம்மைக்குத்தான் இப்போ மலையாளம் வாயிக்கத் தெரியுமே, பின்னே எதுக்கு அவங்கள வாயிக்கச் சொல்றது?" என்பாள். எழுதியவரின் வாயிலிருந்தே அது வரவேண்டும் எனக்கு. இந்தப் பிடிவாதம் எப்படி வந்தது என்று அவளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது கேரளம் என்கிற மாநிலமே புதுசு. என் வீட்டுக்காரருக்கு ஓடை சுத்தம் செய்கிற வேலை. வேலை கொடுத்த ஆபீஸே வீடும் கொடுத்திருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கு அங்கே உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு நல்ல மனுஷருக்குச் சங்கடம்.

சுக்கும் மிளகும் அடைத்து வைக்கிற பாண்டிகசாலைகளுக்குப் பின்னால் வரிசையாகப் பதினோரு வீடுகள். பத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். கடைசி வீடு ஆள் இல்லாமல் ஆபீஸ் பூட்டுடன் துருப்பிடித்துக் கிடந்தது. வரிசைக்குள் எல்லாம் தமிழ்தான். மலையாளத்தில் நான் பேசியதெல்லாம் வைப்பின் தீவிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரியிடம் மட்டுமே. அதிலும் பாதி கையால் பேசியது.

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தனியாக இருந்தவள் தெருப் பெருக்குகிற வேலைக்காரி. புருஷன் செத்த பிறகு அவளே வேலைக்குப் போனாள். எங்கள் ஊரில் அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல அவளை நான் மைனி என்று கூப்பிட்டேன். அவள் பிறந்ததே கொச்சியில்தான். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகக் குழைந்து வரும்.

எங்கள் சுவரில் வெடிப்பு இருந்தது. நான் வந்த வருஷம் அதில் கொண்டை ஊசி நுழையும். அடுத்த மழைக்குக் கரண்டிக் காம்பு நுழைந்தது. அதற்கடுத்த வருஷம் மைனியும் நானும் அதன் வழியாகவே தீப்பெட்டியும் வெற்றிலையும் கொடுத்து வாங்கிக்கொண்டோம். "வாசல் சுத்தி வர்ற வேல மிச்சம்டீ" என்று மைனி சிரிப்பாள். சிரித்தாலும் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் பயம்தான். மழை இறங்கினால் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்போம்.

வார்டு தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தார். நான் கொடுத்த பால் இல்லாத கட்டன் சாயாவைக் குடித்தார். வெடிப்பைக் கண்டதும் "ஐயோ!" என்று அதற்குள் விரலை விட்டார். விரல் முழுசாக உள்ளே போனது. அந்தப் பக்கம் நின்ற மைனி வேடிக்கையாக அந்த விரலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஜெயித்தால் முதல் காரியம் இந்தச் சுவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. குளித்து, கல்யாணப் புடவை உடுத்திக்கொண்டு போய் அவருக்கே போட்டேன். அவர் ஜெயித்து மெம்பர் ஆனார்.

முதல் காரியம் அந்த வருஷம் நடக்கவில்லை. அடுத்த வருஷமும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை மனு எழுதிக் கொடுத்தார். "இப்பத்தான் நாட்டையே கட்டிக்கிட்டிருக்காங்க. எங்கயோ அணை கட்டுதாங்க, எங்கயோ ஆலை கட்டுதாங்க. நம்ம சுவருக்கும் முறை வரும்" என்பார். நானும் நம்பினேன். கோபப்படத் தோன்றவே இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஒருநாள் தகவல் வந்தது. நாளைக்கு ஆபீஸிலிருந்து ஒரு சார் வீடுகளைப் பார்க்க வருகிறார். அரசாங்கமே வருகிறது என்று நான் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, வெடிப்பு இருந்த சுவருக்குக் கீழே பளபளவென்று அடுக்கிவைத்தேன். தரையைக் கழுவினேன். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். காலை வேலை முடித்து வந்த மைனி என்னை முன்னால் தள்ளினாள். "நீ அஞ்சு கிளாஸ் படிச்சவ. நீயே பேசு."

சார் வாசற்படியில் குடையுடன் நின்றார். உள்ளே வரவில்லை. நான் சுவரைக் காட்டி, "சார், வெடிப்பு" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "வெடிப்பாணோ?" என்று கேட்டார்.

"ஆமா சார். இந்த வீடும் வெடிப்பு, அந்த வீடும் வெடிப்பு. வரிசை பூரா வெடிப்பு சார்."

அவர் முகம் மலர்ந்தது. "நன்னாயி, நன்னாயி" என்றார். நல்லது என்று அர்த்தம். வெடிப்பில் என்ன நல்லது என்று ஒரு நொடி குழம்பினேன். மறைக்காமல் சொன்னதற்காகப் பாராட்டுகிறார் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அவர் குடைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏதோ எழுதி, "இவிடெ ஒரு ஒப்பு" என்று நீட்டினார். ஒப்பு என்றால் அங்கே கையெழுத்து. எழுத்து எழுத்தாகத் தமிழில் என் பெயரை எழுதினேன். அரசாங்கக் காகிதத்தில் முதல் கையெழுத்து. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மைனி ஏனோ ஒன்றும் பேசாமல் தன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சார் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. மழை தூறியது, போய்விட்டார்.

அதற்கடுத்த கர்க்கடக மாசம், நம் ஊர் ஆடியில், மழை நிற்கவே இல்லை. மகள் கைக்குழந்தை. உச்சி நேரத்தில் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் தெருக்குழாய்க்குப் போவேன். மைனி காலை வேலை முடித்து வந்து சுவரோரமாகப் படுத்திருப்பாள். "நீ போயிட்டு வா. ஒச்ச கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று வெடிப்பு வழியாகச் சொல்வாள். பிள்ளை சிணுங்கினால் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் பாய் போடுவாள்.

நான் குடத்தைக் குழாயடியில் வைத்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. இடி என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் வரிசையிலிருந்து வெள்ளையாகப் புழுதி எழும்பியது. அந்த மழையிலும் எழும்பியது. எப்படி ஓடினேன் என்று தெரியாது.

என் வீட்டுக்குள் நின்றால் மைனியின் அடுப்பு தெரிந்தது. நடுவில் சுவர் இல்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை முகம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளோடு வீறிட்டு அழுதாள். ஒரு கீறல் இல்லை. சுவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கற்களுக்கு மேலே மைனியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை அசைந்தது. பிள்ளையைத் தூக்குவதா, கல்லைத் தூக்குவதா என்று தெரியாமல் நின்றேன்.

மைனி பிழைத்தாள். வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப் போனது. இனி நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வரிசையே திரண்டு மெம்பரின் கூட்டத்துக்குப் போனோம். முன்கூட்டியே கேட்டும் ஏன் சுவரைப் பார்க்கவில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மெம்பர் பொறுமையாக ஒரு ஃபைலைத் திறந்து, தன் மேல் தப்பில்லை என்கிற முகத்துடன் வாசித்தார். "வீட்டில் விருத்தியும் வெடிப்பும் உண்டு. பராதி ஒன்றும் இல்லை." பராதி என்றால் புகார்.

அந்த இரண்டாவது வரி என் காதில் ஏறவே இல்லை. வெடிப்பு என்ற வார்த்தை கேட்டதுமே, "அதைத்தான் நான் சொன்னேன்! எழுதியிருக்காரு பாருங்க!" என்று கத்திவிட்டேன். விருத்தி எதற்கு என்று புரியவில்லை. வெடிப்பு விருத்தியாகிக்கொண்டே போகிறது என்று எழுதியிருப்பார் என எண்ணினேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என் காதருகே குனிந்து சொன்னார்: "சும்மா இருடீ. இங்க விருத்தின்னாலும் வெடிப்புன்னாலும் சுத்தம்னு அர்த்தம். வீடு சுத்த பத்தமா இருக்குன்னு நீ ஒப்பு போட்டுக் கொடுத்திருக்க."

நன்னாயி, நன்னாயி என்ற அந்தக் குரல் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மெம்பர் அடுத்த தாளைப் புரட்டினார். இரண்டாவது வீடு, விருத்தியும் வெடிப்பும் உண்டு. மூன்றாவது வீடு, விருத்தியும் வெடிப்பும் உண்டு. சார் எட்டிக்கூடப் பார்க்காத வீடுகள். ஒரே எழுத்து, ஒரே மை. பதினோராவது வீடு வரைக்கும் வாசித்தார். பூட்டிக் கிடந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் பராதி இல்லையாம்.

"அந்த வீட்ல ஆளே கெடையாதே! யாருட்ட கேட்டு எழுதுனாரு?" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்தது. "அதை விடுங்க. நீங்க எங்க வீட்டுக்கு வந்து விரலை விட்டுப் பாத்தீங்கள்லா? உங்க விரலு உள்ள போச்சா இல்லையா?"

மெம்பர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஞான் கண்டது ஃபைலில் இல்லல்லோ, சகோதரி."

தான் கண்டது ஃபைலில் இல்லையாம். நான் ஓட்டுப் போட்டது அந்த விரலுக்கு. உட்கார்ந்துவிட்டேன். "அந்வேஷிக்காம்" என்று ஃபைலைக் கட்டினார். விசாரிக்கலாம் என்று அர்த்தம். அந்த வார்த்தையை அன்றைக்கே நன்றாகக் கற்றுக்கொண்டேன். அடுத்த தேர்தல் வரைக்கும் மாதம் ஒரு தடவை போய்க் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைதான் கிடைத்தது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஜெயித்து வந்தவரும் முதலில் கற்றுக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

அந்தக் கூட்டம் முடிந்த அடுத்த மாசமே சுவர் கட்ட ஆள் வந்தது மட்டும் உண்மை. கூடவே மைனிக்கு ஒரு காகிதமும் வந்தது. இந்த வீடு, ஆபீஸில் வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். வேலை செய்ய முடியாதவர் ஒரு மாசத்தில் காலி செய்ய வேண்டும். சுவர் இடிந்து கால் போனவளை, கால் இல்லை என்று சொல்லி அந்த வீட்டிலிருந்தே அனுப்புகிறார்கள். காகிதத்தை வாசித்துச் சொன்ன பக்கத்து வீட்டுப் பையனிடம் மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னேன். தப்பாக வாசிக்கிறான் என்றே நினைத்தேன்.

பள்ளுருத்தியில் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கைவண்டியில் பாயை விரித்து மைனியைத் தூக்கி உட்கார வைத்தோம். காலுக்கு முட்டுக் கொடுக்க என் தலையணையை வைத்தேன். அதுவரை அவளிடம் அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லத் துணிவு இல்லாமல் இருந்தேன். அப்போது சொல்லிவிட்டேன்.

"மைனி, எல்லாம் என் நாக்கால வந்தது. அந்தச் சார் சுத்தம்னு எடுத்துக்கிட்டாராம். எனக்குத் தெரியாமப் போச்சு."

மைனி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே மனசிலாயிடுச்சுடீ. நான் இங்க பொறந்தவ அல்லே."

எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன். "அப்ப ஏன் மைனி சொல்லல? பக்கத்துலதானே நின்னீங்க?"

அவள் பாண்டிகசாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தனயோ கொல்லமா, வருஷக்கணக்கா, தெருவு அடிக்கிறேன். என்னக் கண்டா மூக்கப் பொத்திக்கிட்டுப் போற சாருங்களத்தான் நான் கண்டிருக்கேன். அன்னைக்கு அந்தச் சார் நம்ம வீட்டப் பாத்து வெடிப்புன்னு பறஞ்சாரு. நன்னாயின்னு பறஞ்சாரு. கேக்க சுகமா இருந்துச்சுடீ. இன்னும் ஒரு தடவ சொல்லட்டும், அப்பறம் திருத்தலாம்னு நின்னேன். அதுக்குள்ள அவரு ஒப்பு வாங்கிட்டுப் போயிட்டாரு."