சத்தம் வராத அழுகை

லாவோஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி புவாவன். பிரசவமானதும் ஊர் வழக்கப்படி கரி நெருப்பருகே படுத்து, பசைபோல் ஒட்டும் அரிசிச் சோறும் உப்பும் மட்டுமே தின்றாள்; எழுந்து நடமாடிய பிறகும் அதே பத்தியம்தான். மூன்றாம் மாதம் குழந்தை அழுதபோது சத்தமே வரவில்லை, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா வைட்டமின் பி1 ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் குழந்தை வீறிட்டுக் கத்தியது.

"உன் பால்ல பி1 சத்து இல்லம்மா. மீன், கறி எல்லாம் சாப்பிடு. மாத்திரையும் போடு."

"பால் குடுக்கறப்ப போடலாமா?"

"தாராளமா. பிள்ளைக்கும் அதான் நல்லது."

புவாவன் சிரிக்கவில்லை.

"மூத்தவனும் இப்படித்தான் சத்தமில்லாம அழுதான். பேய் பிடிச்சிருக்குன்னு நெனச்சு அவன் கையில மந்திர நூல் கட்டிட்டு உக்காந்திருந்தேன். போயிட்டான். ஒரு ஊசிதானா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

இப்போதெல்லாம் ஊரில் யாருக்குப் பிரசவமானாலும் மீன் குழம்போடு முதலில் போகிறவள் புவாவன்தான். மூத்தவனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.