மணி பிளான்ட்டுக்கு வந்த காமாலை

மனைவி கொள்ளேகாலுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தோட்டத்தில் அவள் உயிராக வளர்த்த மணி பிளான்ட் கொடி என் பொறுப்பு. தண்ணீர் சுமக்கச் சோம்பல்பட்டு, நிழலிலிருந்த தொட்டியைக் குழாயடி வெயிலுக்கு இழுத்து வைத்தேன். பிறகு வந்த இலையெல்லாம் மஞ்சள் திட்டு. காமாலைதான் என்று பதறிக் கீழாநெல்லியை அரைத்து வேரில் ஊற்றினேன். சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

திரும்பி வந்தவள் கொடியையே பார்த்தாள்.

"மன்னிச்சிரு, காப்பாத்த முடியல" என்றேன்.

"சும்னே இருங்க" என்று அம்மா வீட்டுக் கன்னடத்தில் அடக்கினாள். " இந்த மஞ்சள் எப்ப வரும்னுதானே காத்துட்டு இருந்தேன். நல்ல வெளிச்சம் பட்டாத்தான் இந்தக் கொடிக்கு இப்படி மஞ்சள் விழும். வெயில்ல வெச்சீங்களா?"

"பின்னே? யோசிச்சுத்தான் வெச்சேன்."

மாலைக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்டு கேட்டு வந்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டே வெட்டிக் கொடுத்தேன்.

சீக்கு என்று நான் அழுதது அதன் அழகு. இப்போதும் பதறத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு வாரம் பொறுத்துப் பதறுகிறேன்.