எச்சில் டம்ளர்

டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் உணவுக்குழாயின் அசைவை அளக்கும் அறை ரெபேக்காவின் ராஜ்யம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கி, விழுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று திரையில் பார்க்கும் சோதனை. நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். தன் கைக்கு இறங்காத குழாய் வேறு எவர் கைக்கும் இறங்காது என்பாள். கர்வம்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

கிட்வாய் நகர் ருக்மிணி மாமி வந்த அன்று அது ஆட்டம் கண்டது. மாமிக்கு ஒரு வருஷமாகச் சோறு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று கணவர் ரங்கராஜன் தீர்ப்பே சொல்லிவிட்டார். வேறோர் இடத்தில் இதே குழாயை மாமி பாதியில் பிடுங்கிப் போட்டிருந்தாள். இன்றும் முடியாவிட்டால் அந்தத் தீர்ப்புதான் நிலைக்கும்.

மூக்கில் மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, காகித டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள் ரெபேக்கா. "முழுங்கிட்டே இருங்க மாமி."

குழாய் தொண்டையைத் தொட்டதும் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. ரெபேக்காவுக்குத் தன்மேலேயே எரிச்சல். குழாயை உருவிவிட்டு, "சும்மா ஒரு வாய் குடிங்க, பாப்போம்" என்றாள்.

மாமி டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தினாள். தலை பின்னால் சாய்ந்தது.

"இதானா சங்கதி. அண்ணாந்தா குழாய் மூச்சுக்குழல் பக்கமா போவும். வாய் வச்சுக் குடிங்க."

"எச்சில் பண்ணிப் பழக்கமே இல்லையே சிஸ்டர். தலை தானா மேல போறது, நான் என்ன பண்ணுவேன்?"

"டம்ளரு குப்பைக்குத்தான் போவுது. வேற யாரும் தொடப்போறதில்ல."

மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய் வைத்தாள். முகவாய் நெஞ்சில் பட, ரெபேக்கா அவள் பிடரியைத் தாங்கிக்கொண்டாள். மிடறுக்கு மிடறு குழாய் இறங்கியது.

"பஸ், ஹோ கயா" என்று பழக்கத்தில் இந்தியில் சொன்ன ரெபேக்கா, "அவ்வளவுதான், முடிஞ்சுது மாமி" என்றாள். மாமியின் கண்ணில் நீர், முகத்தில் வெற்றிக் களை. ரெபேக்காவுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

சோதனை முடிந்ததும் டாக்டர் வந்து, வெளியே காத்திருந்த ரங்கராஜனை உள்ளே அழைத்து, திரையைக் காட்டி இந்தியில் விளக்கினார். உணவுக்குழாயின் கீழ்வாசல் திறக்கவே இல்லை. சோறு இறங்க வழியில்லை. சிகிச்சை இருக்கிறது.

ரங்கராஜன் திரையிலிருந்து மாமியின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது வாஸ்தவம்தான்" என்றார், மெதுவாக.

ரெபேக்கா டம்ளரைக் குப்பையில் போடப் போனாள். மாமி கையை நீட்டினாள்.

"அதை இங்க குடு. அகத்துக்கு எடுத்துண்டு போறேன்."

"எச்சில் டம்ளரையா மாமி?"

"இருக்கட்டும். இவர் கண்ணுல படற இடமாப் பார்த்து வெக்கணும்."