வெள்ளை கவுனுக்கு வைத்த மஞ்சள்

சான் ஹோசேயில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் சுவரெல்லாம் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டு டோஸ்டரிலிருந்து ரொட்டி குதித்தால் எங்களுக்குக் கேட்கும். என் தையல் மெஷின் சத்தம் மட்டும் அங்கே கேட்காமலா இருக்கும்? ஒருநாள் அந்த வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஒரு படம். சத்தம் தாங்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சாரி சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"இந்த மாதிரி உங்களால தைக்க முடியுமா?" என்று படத்தை நீட்டினார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் ஞாபகத்தில் அது தமிழாகத் தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

படத்தில் இருந்தவள் இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்காரி. மார்புக்குக் கீழேயே மேல்பகுதி முடிந்து, அங்கிருந்து பாதம் வரைக்கும் நேராக இறங்குகிற வெள்ளை கவுன். கையில் குட்டியாக ஒரு பஃப். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு ஹாலில் கூடி, அந்தக் காலத்து உடுப்பில் அந்தக் காலத்து நடனம் ஆடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். இவர் அதில் சேர்ந்து சில வருஷங்கள் ஆயிற்றாம். இதுவரைக்கும் ஆடியதெல்லாம் யாரோ கழித்துக் கொடுத்த கவுனில், முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டு.

"அடுத்த தடவை முதல் ஜோடியா என்னைப் போகச் சொல்லியிருக்காங்க. முதல் ஜோடியைப் பாத்துத்தான் மத்தவங்க ஆடுவாங்க. எல்லார் கண்ணும் என் மேலதான் இருக்கும். ஊக்கோட போய் நிக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு யாரும் தையல் சொல்லித் தரவில்லை. என் ஜாக்கெட் ஒன்றையே பிரித்துப் போட்டு, அந்தத் துண்டுகளைப் பார்த்து வெட்டிப் பழகியவள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது பயம் வரவில்லை. மேலே ஜாக்கெட், கீழே பாவாடை, நடுவில் ஒரு தையல். சின்னப் பெண்களுக்குப் போடுகிற பாடிப் பாவாடையை நீட்டிவிட்டால் அதுதானே? "தைக்கலாம். அளவு ஜாக்கெட் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். அமெரிக்காக்காரர் அளவு ஜாக்கெட்டுக்கு எங்கே போவார்? கடைசியில் இறுக்கமான டீ-ஷர்ட் ஒன்றைக் கொண்டுவந்தார்.

வேலை பார்க்க அனுமதியில்லாத விசா என்னுடையது. அதனால் நான் கவுன் தைக்க வேண்டியது, அவர் எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர வேண்டியது என்று பேசிக்கொண்டோம். ஃப்ரீவேயில் பறக்கிற கார்களுக்கு நடுவே போய்ச் சேருகிற இடம் வந்தால் எனக்குத் தானாகக் கண் மூடிக்கொள்ளும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வார்: "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டும் பயப்படலாம்." பல் டாக்டர் நாற்காலியில் சாயும்போது இப்போதும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சமயம் ஈரோட்டிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். மகன் வீட்டைப் பார்க்க வந்தவருக்கு, மகன் ஆபீஸ் போனபிறகு பார்க்க என்ன இருக்கிறது? மெஷின் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்துகொள்வார். நல்ல மல் துணி, ஊதினால் பறக்கும். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் ஏதோ ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏங்கண்ணு, ஒரு பச்சைக் கரை, ஒரு செகப்பு நூலு, எதாச்சும் வெக்கக்கூடாதா?"

"அவங்க வெள்ளையாத்தான் கேட்டாங்கத்தை."

"நல்ல காரியத்துக்குப் போறா. வெள்ளைலயும் வெள்ளை, ஒரு பூப்போட்டது கூட இல்லாத வெள்ளை. வீட்டுக்காரனும் கூட இல்லீங்கற."

"அவங்க பிரிஞ்சு ரொம்ப வருஷமாச்சுங்கத்தை. அவங்க ஊர்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"பாக்கலீன்னா இல்லைன்னு ஆயிருமா" என்றார். நான் மெஷினை மிதித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கவுன் முடிந்தது. ஹாங்கரில் மாட்டி, ஹாலில் தொங்கவிட்டேன். நடனம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து காபி போடப் போனவள், ஹாலில் அப்படியே நின்றுவிட்டேன். கவுனின் கழுத்தோரத்தில், நட்ட நடு முன்பக்கத்தில், மூன்று மஞ்சள் பொட்டு. ஈரமாக, பளிச்சென்று. அத்தை குளித்து, நெற்றியில் திருநீறோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கத்தை பண்ணீட்டீங்க?"

"புதுத்துணியச் சும்மாவா குடுப்பாங்க? வெள்ளிக்கெழமையுமாப் போச்சு. சேலைன்னா முந்தானை மூலைல வெக்கோணும். இதுக்கு மூலையே இல்ல கண்ணு, எங்க தேடியும். அதான் கழுத்துகிட்ட வெச்சேன்."

சொன்னது நியாயம்தான். சட்டைக்குக் காலர் உண்டு, சேலைக்கு மூலை உண்டு, அந்த கவுனில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மூலை கிடையாது. ஆனால் அந்த மஞ்சள், அவர் சூட்கேஸில் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த ஈரோட்டு மஞ்சள். சாம்பார்க் கரண்டியில் பட்டால் கரண்டி ஆயுசுக்கும் மஞ்சளாக இருக்கும்.

என் கணவர் எழுந்து வந்தார். எதற்கும் அவருக்கு ஒரே கேள்வி: "வொர்ஸ்ட் கேஸ் என்ன?" ஆபீஸில் பழகியது, வீட்டுக்கும் வந்துவிட்டது. வொர்ஸ்ட் கேஸ் என்னவென்று நான் சொல்லி முடிப்பதற்குள், பாத்ரூமுக்குக் கவுனை எடுத்துப் போய், துணி சோப்பை நனைத்துத் தேய்த்துவிட்டார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று எந்தக் காலேஜிலும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. மூன்று பொட்டும் ஒன்றாகக் கலந்து, ரத்தக் காயம் மாதிரி சிவந்துவிட்டது.

"மஞ்சள்ல யாராச்சும் சோப்புப் போடுவாங்களா? உன்னை எவன்டா இன்ஜினீயர்னு வேலைக்கு வெச்சான்?" என்றார் அத்தை.

"நீங்க வெக்காம இருந்திருந்தா நான் ஏம்மா தேய்க்கப் போறேன்?" என்றவர் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அத்தை கவுனை வாங்கினார். நல்ல தண்ணீரில் அலசி அலசி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சிவப்பைப் பழையபடி மஞ்சளுக்குக் கொண்டுவந்தார். "இனிமேல் வெயிலுதான் கண்ணு. மஞ்சளுக்கு வெயிலு ஆகாது. நல்லாக் காய்ஞ்சா ஓடிப்போயிரும்" என்றார்.

வெயிலுக்கு எங்கே போவது? அது பிப்ரவரி. வாரம் முழுக்க மழை, அன்றைக்குத்தான் மேகம் விலகி விட்டு விட்டு வெளிச்சம் வந்தது. எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. வெயில் விழுந்தாலும் அங்கே துணி காயப்போடக் கூடாது என்பது அபார்ட்மெண்ட் சட்டம். கடைசியில் பார்க்கிங்கில் இறங்கி, எங்கள் காரின் மேல் விரித்தோம். சற்று நேரத்தில் மேனேஜர் வந்துவிட்டார். பெல்ட்டில் சாவிக்கொத்து, முகத்தில் தர்மசங்கடம்.

"துணி காயப்போடக் கூடாதும்மா. பால்கனி, கைப்பிடி, வண்டி, எதுலயும்."

அத்தைக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் கவுனை எடுத்து, ஹாங்கரோடு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "கைல புடிச்சா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மேனேஜர் யோசித்தார். "கையைப் பத்தி எதுவும் எழுதலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் அதுதான் வேலை. சுங்குடிச் சேலை, என் கணவரின் ஸ்வெட்டர், வெள்ளை ஷூ, தலைக்கு மேலே இருநூறு வருஷத்துக்கு முந்தைய கவுன் என்று அத்தை பார்க்கிங்கில் நிற்பார். கட்டடத்து நிழல் நகர நகர, அவரும் அடுத்த காருக்கு நகர்வார். கை வலித்தால் நான் வாங்கிக்கொள்வேன். மேகம் மூடினால் அவர் அண்ணாந்து பார்த்து, "எங்கடா போன?" என்பார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. கறை வெளிறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு இளமஞ்சள்.

மறுநாள் நடனம் என்பதால் பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கு ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். காரை நிறுத்தினார், இறங்கினார், தன் கவுனைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவர் கழுத்தோரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு பெரிய சனிக்கிழமை என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் எனக்கு என்று கிடைத்த முதல் சிநேகிதி. சாத்திய கதவைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"கோவமாப் போறாளா?"

"தெரியலைங்கத்தை."

"கோவப்படட்டும். நாம வெயிலு இருக்கறவரைக்கும் நிப்போம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா இறங்கி வந்தார். ஆபீஸ் உடுப்பை மாற்றியிருந்தார், கையில் ஒரு மடக்கு நாற்காலி. அதை விரித்து, அத்தையை உட்காரச் சொல்லி, ஹாங்கரைத் தான் வாங்கிக்கொண்டார்.

"எதுக்காக வெச்சாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

"நல்லதுக்குப் போகும்போது முழு வெள்ளையாப் போகக்கூடாதுன்னு வெச்சாங்க."

அவர் கழுத்தோரத்தை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிறகு, "என் கல்யாணத்துக்கு முழு வெள்ளைதான் போட்டேன். அது எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

அத்தைக்குச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "பாத்தியா. அன்னிக்கு ஒருத்தரும் மஞ்சள் வெக்கல."

இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று நான் திணறினேன். பக்கத்து வீட்டு அம்மா விடவில்லை, சொல்லியே ஆகவேண்டும் என்றார். சொன்னதும் ஹாங்கர் கையில் ஆடும் அளவுக்குச் சிரித்தார். மேனேஜர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சனிக்கிழமையும் வெயிலுக்குப் பஞ்சம்தான். மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்தோம். மத்தியானம் இஸ்திரி போட்டபோது பார்த்தேன். தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் பால் ஆடை நிறத்தில் ஒரு நிழல். "மியூசியத்துல இருக்கற பழைய கவுன் ஒண்ணு கூட இவ்வளவு வெள்ளையா இருக்காது" என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மா போட்டுக்கொண்டார். முதுகில் நான் தைத்த ஹூக்குகளை அத்தைதான் மாட்டிவிட்டார்.

எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஹாலில் இரண்டு வரிசை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வயலின் ஆரம்பித்ததும் முதல் ஜோடி கையைக் கோத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவே போனது. கையை உயர்த்தினார், தையல் விடவில்லை, நான் மூச்சு விட்டேன். ஒரு திருப்பத்தில் அவர் வேறு பக்கம் திரும்பிவிட, பின்னால் வந்த ஜோடிகள் அத்தனையும் அதே தப்பைச் செய்தன. அவர் சிரித்துக்கொண்டே சரிபண்ணிக்கொண்டார், வரிசையும் சரியாயிற்று.

"கும்மியாட்டந்தான் இருக்குது. கைதான் தட்ட மாட்டேங்கறாங்க" என்றார் அத்தை.

பாட்டு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி நேராக எங்களிடம் வந்தார். முகமெல்லாம் வேர்வை. "எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். அத்தை தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"நான் துணியவே பாத்துட்டு இருந்துட்டேன், இவளைச் சரியாப் பாக்கல. இன்னொருக்கா ஆடச் சொல்லு."

அதற்குள் வயலின்காரர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் வரிசையின் முன்னால் போய் நின்றார்.