உள்ளே இழுத்த கோடு

பிரிக்ஃபீல்ட்ஸில் பேனர் அடிக்கும் கடையில் எனக்கு வேலை, ஆட்களை வெட்டுவது. பயப்பட வேண்டாம், படத்தில்தான். கம்ப்யூட்டரில் ஒரு முகத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோட்டை வளைத்து, பின்னால் இருக்கும் சுவரையும் நாற்காலியையும் தூக்கி எறிய வேண்டும். புள்ளியே வைக்காமல் கையால் சரசரவென்று இழுக்கவும் வசதி இருக்கிறது. அதில் கை நடுங்குவதெல்லாம் கோட்டில் விழும். எனக்கு அது ஆகாது. குறைந்த புள்ளி, வழுக்கும் வளைவு, அதில்தான் என் திமிரே.

இந்தத் தொழிலில் சொல்லாமலே செய்கிற காரியம் ஒன்று உண்டு. வருகிற ஆன்டிகள் எல்லாரும் "பாஸ், கொஞ்சம் ஸ்லிம் பண்ணிடுங்க லா" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் கை பழகிவிட்டது. இரட்டைத் தாடையைக் கண்டால் கோட்டை உள்ளே இழுத்துவிடுவேன். கேட்காதவர்களுக்கும் இழுப்பேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கிள்ளானில் இருந்த என் அக்காவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. அவள் கணவர், என் மாமா, கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் வெட்டி முடித்துவிட்டேன். மண்டப வாசலில் பேனரைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"டேய், இது நானாடா? கழுத்தைப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி!"

"தம்பி கை வேலை அப்படி" என்று பீற்றிக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கழுத்தில் இருந்த கட்டியைத் தொட்டுப் பார்த்து, எப்போதிலிருந்து என்று கேட்டார். "ரெண்டு மாசமாத்தான் டாக்டர்" என்றாள். மாமாவும் தலையாட்டினார். புற்றுநோய், பரவிவிட்டது, முன்பே வந்து காட்டியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் கடையில் அந்தப் பழைய படத்தைத் திறந்தேன். நான் போட்ட கோடு அதிலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு புடைப்பு. என் கோடு அதற்கு உள்பக்கமாக, ஒரே வளைவில், அழகாகப் போயிருந்தது. அவள் கழுத்தை அத்தனை பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்தேன், சதை என்று நினைத்தேன், வெட்டி எறிந்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். வாசலில் கால் வைத்ததுமே "சாப்ட்டியாடா?" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கோழை நான், வேறென்ன சொல்ல. தீபாவளிக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

மாமா போன் செய்தார். "வாசல்ல வைக்கிற பேனருக்கு அந்த பர்த்டே படமே போடு மச்சான். அதுலதான் அவ நல்லா இருக்கா."

இந்த முறை உள்ளதை உள்ளபடி வெட்டுவது என்று உட்கார்ந்தேன். புள்ளி வைக்கவில்லை. கையாலேயே இழுத்தேன். புடைப்பின் மேல் ஏறி, சுற்றி, இறங்கினேன். கோடு முழுக்க நடுக்கம். அப்படியே மாமாவுக்கு அனுப்பினேன். அவர் பார்க்கட்டும், படம் எடுத்த தேதியை நினைத்துப் பார்க்கட்டும், என்னை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

பதில் வந்தது. "கழுத்து வீங்கின மாதிரி தெரியுது லா மச்சான். பழைய மாதிரி சரி பண்ணிடு."

சரி பண்ணினேன். நான்கு புள்ளி போதுமாக இருந்தது. துக்க வீட்டு வாசலில் பேனரைப் பார்த்தவர்கள், சீக்கு வந்த ஆள் மாதிரியே இல்லையே என்றார்கள்.