பெல்மதுளை பஸ்ஸில் எண்பதுகள்

இரத்தினபுரியில் ஏறியதிலிருந்து அந்தப் பெரியவர் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். நரைத்த மீசை, துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சட்டை. பஸ் வேகம் குறையும்போதெல்லாம் அவர் கை சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது. நான் போனில் எண்பதுகளின் பாட்டைப் போட்டுவிட்டு, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலத்துல வாழ்ந்திருக்கணும் ஐயா! நீங்க குடுத்து வச்சவங்க."

"மெதுவாப் பேசுங்க தம்பி."

பஸ் சட்டென்று நின்றது. முன்னால் ஒரு பொலிஸ்காரர் கை காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் அட்டையை வெளியே எடுத்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தார்கள். பஸ் புறப்பட்டது. அவ்வளவுதான்.

அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். "நீங்க சொல்ற எண்பதுகள்ல, இப்படி நிப்பாட்டி அட்டையப் பாத்து, தமிழாளுன்னு தெரிஞ்சா எறக்கிருவாங்க. வாயத் தெறக்கவே பயம். இதுல எங்க பாட்டு கேக்குறது?"

கூசிப்போய்ப் போனை அணைக்கப் போனேன்.

"அட, ஏன் நிப்பாட்டுறீங்க? நான் கேக்காம விட்ட பாட்டுங்க! சத்தமாப் போடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். முன் சீட்டுச் சிங்கள அம்மா சிரித்தார். பெல்மதுளை வரும்வரை பெரியவரின் விரல்கள் சட்டைப் பையில் இருந்த அந்த அட்டையின் மேலேயே தாளம் போட்டுக்கொண்டு வந்தன.