கடைசிவரை படித்த ஆள்

அந்த மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய முகம் நினைவிருக்காது, குரல்தான் நினைவிருக்கும். “மூச்சை இழுங்க. பிடிங்க. அப்படியே இருங்க. ம், விடுங்க.” எக்ஸ்ரே அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க இதைத்தான் சொல்வார். கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

மூச்சுக்காரர் ஒரு நாவல் எழுதியிருந்தார். எலும்பைப் படம் பிடிக்கிறவனுக்கு நாவல் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு விஷயம் தெரியாது. அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பிறகு குழந்தை இல்லை. அந்தச் சாவைப் பற்றி வீட்டில் அவரும் பேசவில்லை, மனைவியும் பேசவில்லை. பேசாமல் உள்ளேயே கிடந்ததெல்லாம் பல வருடம் கழித்துக் காகிதத்தில் இறங்கியது. விடியற்காலையில் எழுந்து எழுதுவார். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற நேரம் மூடி வைத்துவிடுவார். எழுதியதை அவளிடம் கொடுத்ததில்லை. அவளுக்குக் கதை படிக்கும் பழக்கம் கிடையாது என்று முடிவு கட்டியிருந்தார். அவளைக் கேட்டுக் கட்டிய முடிவு அல்ல அது.

படியெடுத்துப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையையும் உள்ளேயே வைத்துவிடுவார். சில இடங்களில் கிணற்றில் போட்ட கல். சில இடங்களிலிருந்து கட்டு திரும்பி வரும், கூடவே ஒரு துண்டுக் கடிதம்: தங்கள் படைப்பு எங்கள் வெளியீட்டுத் திட்டத்துக்குப் பொருந்தி வரவில்லை, வருந்துகிறோம். எந்தப் பதிப்பகமானாலும் இதே வருத்தம்தான். எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் வருந்தக் கற்றுக்கொண்டவர்கள் போலிருக்கிறது.

ஒருமுறை திரும்பி வந்த கட்டைப் புரட்டியபோது நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிழைத் திருத்தம் ஒட்டும்போது அவரே சிந்திய பசை. போகும்போது ஒட்டியிருந்தது, வரும்போதும் ஒட்டியே இருந்தது. அப்படியானால் அங்கே யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கூடிப்போனது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் இரண்டு தாள்களின் மூலையில், கடுகளவு பசையைக் குச்சி நுனியில் தொட்டு வைப்பார். படிக்கிறவன் விரல் பட்டால் பிரிந்துவிடும். கட்டு திரும்பி வந்ததும் கடிதத்தைப் பிறகுதான் பார்ப்பார், முதலில் பசை. ஒரு பதிப்பகம் முதல் அத்தியாயத்தைத் தாண்டியிருந்தது. இன்னொன்று கட்டின் நாடாவையே அவிழ்க்கவில்லை.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா,” என்றார் மருந்துக்கடைக்காரர். “அவங்களுக்கு ஒரு பக்கம் பாத்தாலே தெரிஞ்சிடும்.”

“பானையோட மூடியவே தெறக்கலையே!”

“நீயும் விட மாட்டேங்கற. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்ற மாதிரி தபாலாபீசுல விட்டுட்டு வர்ற. அது உனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கு.”

மூச்சுக்காரர் சிரிக்கவில்லை. “போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். ஒருத்தர், ஒரே ஒருத்தர், முதல்லேருந்து கடைசிவரைக்கும் படிச்சுட்டு வேணாம்னு சொல்லட்டும். நான் அடங்கிடறேன்.”

அவர் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். புகழும் பணமும் அவர் கணக்கிலேயே இல்லை. மகள் எப்படி இருந்தாள், எப்படிப் போனாள் என்பதை முன்பின் தெரியாத ஒரு மனிதர் முழுசாகப் படித்துவிட்டால் அவள் இரண்டாம் தடவை சாகமாட்டாள் என்று நம்பினார். இதை மருந்துக்கடைக்காரரிடம்கூட அவர் சொன்னதில்லை.

மருத்துவமனைக்குப் புது எக்ஸ்ரே இயந்திரம் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொண்டு வர அவரை ஒரு வாரம் வெளியூர் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மேஜைமேல் கட்டு காத்திருந்தது. உறையைக் கிழித்து, வழக்கம்போல் முதல் அத்தியாயத்தின் மூலையைப் பார்த்தார். பிரிந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். கடைசி அத்தியாயம்வரை ஒரு மூலை பாக்கியில்லாமல் எல்லாம் பிரிந்திருந்தன.

கடிதத்தை எடுத்தார். பொருந்தி வரவில்லை, வருந்துகிறோம்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஓர் ஆசிரியர் உட்கார்ந்து முழுசாகப் படித்திருக்கிறாரே! அந்தச் சந்தோஷம் குளித்துவிட்டு வருவதற்குள் கரைந்துபோனது. இத்தனை நாளும் அவருக்கு ஒரு சாக்கு இருந்தது: படிக்கவில்லை, படித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். இப்போது படித்தாகிவிட்டது. படித்த பிறகும் வேண்டாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், தன்னுடையதும் அந்தக் கதைதான் என்று தோன்றியது. நாவல் தோற்றதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மகளைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் பொறுக்கவில்லை.

அந்த வாரம் எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரை நிறுத்தி, “மூச்சை இழுங்க, பிடிங்க,” என்றவர் படத்தையும் எடுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் சொன்ன சொல் தவறாதவர். முகம் சிவந்து கண் பிதுங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடி வந்து, “விடுங்க தாத்தா, விடுங்க!” என்று கத்திய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. அடங்கிவிடுகிறேன் என்று சொன்னவரால் அடங்க முடியவில்லை. முழுசாகப் படித்த அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் தப்பினேன் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டைப் பையில் வைத்தபோது மனைவி வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“பதிப்பகத்துக்கு.”

“அவங்கதான் வேணாம்னுட்டாங்களே.”

“அங்க ஒருத்தர் முழுசா படிச்சிருக்காரும்மா. ஒரு பக்கம் விடாம.” பசை வைக்கிற விஷயத்தை முதல்தடவையாக அவளிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அதைப் பிரிச்சது அவங்க இல்லைங்க. நான்.”

“என்ன?”

“நீங்க ஊர்ல இல்லாதப்ப வந்துச்சு. தபால்காரர் மழையில வாசப்படியில போட்டுட்டுப் போயிட்டார். உறை நனைஞ்சு வாயைத் தெறந்துக்கிட்டுக் கிடந்துச்சு. தாளெல்லாம் ஒட்டிக்கிட்டிருந்தது. ஈரத்துல ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சு, கிழியாம ஒவ்வொண்ணா பிரிச்சு ஃபேனுக்கு அடியில காயப் போட்டேன். காயப் போடும்போது கண்ணுல பட்டுச்சு. அப்புறம் கீழ வைக்க முடியல. உறையைத் திரும்ப ஒட்டி மேஜைமேல வச்சது நான்தான்.”

பத்து மூலைகளில் கடுகளவு பசையைத் தேடியவருக்கு, உறை முழுக்கப் புதுப் பசை இருந்தது கண்ணில் படவில்லை. பதிப்பகத்தார் வழக்கம்போல ஒன்றையும் திறந்திருக்கவில்லை.

“எல்லாத்தையும் படிச்சியா?”

“எல்லாத்தையும்.”

எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? “எப்படி இருந்துச்சு?” என்றுதான் கேட்டார்.

“குட்டி அப்படியே இருக்கா. அவ ஓடறது, கோவிச்சுக்கிட்டு மூலையில போய் நிக்கறது, எல்லாம். ரெண்டு எடத்துல எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்து படிச்சேன்.” மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆனா அந்த அம்மாவைத் தப்பா எழுதிட்டீங்க.”

“அது கதைம்மா…”

“ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கல்லுன்னு எழுதியிருக்கீங்க. மக போன வாரத்துல கூட மணிக்கணக்கா குளிச்சாள்னு எழுதியிருக்கீங்க. நான் குளிச்சது கதையா?”

நாவலிலேயே நன்றாக வந்திருப்பது அந்த அத்தியாயம்தான் என்று அவர் நினைத்திருந்தார். மருந்துக்கடைக்காரருக்கு அதை உரக்க வாசித்துக்கூடக் காட்டியிருந்தார்.

“நீங்க சுருண்டு படுத்தவர் எந்திரிக்கவே இல்ல. உங்க முன்னாடி நானும் உக்காந்து அழுதா நீங்களும் போயிடுவீங்களோன்னு பயம். உள்ள போய்த் தாழ் போட்டுட்டு, குழாயைத் தெறந்து விட்டுட்டு அழுவேன். சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல. நீங்க படுத்த எடத்துலேருந்தே கத்துவீங்க, எவ்வளவு நேரம்டி, தொட்டி காலியாயிடும்னு.”

கத்தியது உண்மை. அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. மனிதர்களின் நெஞ்சுக்குள்ளே பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவர், ஒரு மரக்கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. பார்க்காததை நாவலாகவும் எழுதி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார். யாராவது ஒரு பதிப்பகம் அதை அச்சுப் போட்டிருந்தால் ஊரே அவளைக் கல் என்று படித்திருக்கும். அத்தனை வருடம் அவர் மனதார வைத சோம்பேறிகள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் வீட்டுக்கு நல்லதுதான் செய்திருந்தார்கள்.

பஸ் வரும் நேரம் ஆகி, போயும் விட்டது. அவர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எனக்குத் தெரியல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எழுதறதுக்குக் கேக்கறீங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவருக்குத் தன்னைத் தெரியும். “எழுதினாலும் எழுதுவேன். ஆனா நீ படிச்சுட்டு வேணாம்னா வேணாம். அதுக்கு மேல யாருக்கும் அனுப்ப மாட்டேன்.”

“அப்போ அந்தப் பையைக் கீழ வைங்க,” என்றாள்.

மகள் போன மறுநாள் காலையிலிருந்து தொடங்கினாள். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நடுவில் அவளுக்கு அழுகை வந்தது. எழுந்து உள்ளே போகாமல், அங்கேயே, அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதாள்.